இரண்டு விநாடி

இஷா முடிந்து செருப்புச் சத்தம் தெருவில் கலைந்ததும்
என் திரையில் கோடு ஏறத் தொடங்கும்.
கடையநல்லூரில் எட்டேமுக்கால்,
தம்மாமில் ஆறேகால்.
அரிசிக் கடை மாடியில் ஒரே விசிறிக்குக் கீழே
நானும் பதினாறு பெட்டிகளும்.

சுலைகா அக்கா மூன்றாம் முறை அழைத்தாள்.
"ஏ ஆவுடை, லைன் சரியில்லையா, இல்ல அவுஹ சரியில்லையா?
எப்ப வாரியன்னு கேட்டா
ஒரு பாட்டம் யோசிச்சிட்டுத்தான் வாயத் திறக்காஹ."

பார்த்தேன்.
யோசித்தது அவரில்லை,
போன மாசம் மசூது அண்ணன் வாங்கிவந்த பெட்டி.
"ஒரு பாக்கெட்டுகூட விழப்படாது, கம்பெனிக்குக் கெட்ட பேரு"
என்று வயிறு பெரிதாகப் பார்த்து வாங்கினார்.
விழவில்லைதான்.
எவனோ இறக்கும் சினிமா,
எவளோ ஏற்றும் கல்யாண வீடியோ,
மூன்று தெருப் பிள்ளைகளின் துப்பாக்கி விளையாட்டு,
எல்லாம் உள்ளே பத்திரமாக நிற்கின்றன.
கடைசியில் நிற்கிறது 'எப்ப வாரிய',
புளியரைச் செக்போஸ்ட்டில்
வைக்கோல் லாரிகளுக்குப் பின்னால்
ஐஸ் உருகிச் சொட்டும் தூத்துக்குடி மீன்வண்டி மாதிரி.

விழ விடணும்ணே, என்றேன்.
மூட்டையில் ஓட்டை போடச் சொன்னவளைப் பார்ப்பதுபோல்
பார்த்தார்.

எப்படிச் சொல்ல அவருக்கு.
அனுப்புகிறவனுக்கு நம் ஊர் தெரியாது.
எங்கே நெரிசல், எந்தக் கம்பத்தில் சாரல் காற்று
கேபிளைப் பிடித்து ஆட்டுகிறது,
ஒன்றும் தெரியாது.
ஒன்று அனுப்பிப் பார்ப்பான்.
வந்தது என்று பதில் கிடைத்தால் இரண்டு.
அப்புறம் நாலு. எட்டு. பதினாறு.
பேராசை என்று சொல்ல மாட்டேன்.
போதும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.
ஒன்று தொலைந்தால்தான் நிதானிப்பான்.
சட்டென்று பாதியாகக் குறைத்துக்கொள்வான்,
பிறகு ஒவ்வொன்றாக, பயந்து பயந்து, கூட்டுவான்.
மேலே உட்கார்ந்து பங்கு பிரிக்க ஆள் கிடையாது.
முகம் தெரியாத லட்சம் பேர்
தன் கையில் தொலைந்ததை வைத்துத்
தானே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.
அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது இத்தனையும்.
நம் பெட்டியோ
தொலைக்கவே மாட்டேன் என்கிறது.
மரியாதையாகப் பொய் சொல்கிறது.

ஒன்பது இருபதுக்கு அண்ணன் டீ குடிக்க இறங்கினார்.
வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணுவதை நிறுத்தி
எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்கச் சொன்னேன்.
ரொம்ப நேரம் நின்றால் ஒன்றைத் தூக்கிப் போடு,
இன்னும் நின்றால் இன்னும் சீக்கிரம் இன்னொன்று.
நாலே வரி.
என்டரைத் தட்டும்போது விரல் வியர்த்திருந்தது.

முதலில் ஒரே சிவப்பு.
எல்லாம் போச்சு என்று எழுந்தே விட்டேன்.
அப்புறம் எண் இறங்கியது.
இரண்டாயிரத்து நூறு.
எண்ணூறு.
நூற்று எழுபது மில்லி விநாடி.
சினிமா இறக்கியவனுக்குத் தெரியவே தெரியாது,
அவன் இறக்கிக்கொண்டுதான் இருந்தான்.

பத்து மணிக்கு மறுபடி சுலைகா அக்கா.
"இப்பம் நல்லாக் கேக்குட்டி.
அவுஹ மூச்சு விடுறதுகூடக் கேக்கு."
சந்தோஷம்க்கா, என்றேன்.
"எப்ப வாரியன்னு கேட்டேன்."

நிறுத்தினாள்.
என் கை தானாகத் திரைக்குப் போனது.
வரிசை காலி. ஒரு துளி சிவப்பு இல்லை.
காற்றுகூட அடங்கியிருந்தது.

"யோசிக்காஹ," என்றாள்.

மசூது அண்ணன் படியேறும் சத்தம்.
எத்தனை விழுந்துச்சு என்று கேட்பார்.
அக்கா இன்னும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
நூற்று எழுபது.
நூற்று அறுபத்தெட்டு.
நூற்று எழுபது.